போர் தண்ணீரில் உப்பு பூக்கிறது: சாஃப்ட்னரா, ஆர்ஓவா, காந்தமா?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற வழியில் வீடு கட்டிக் குடிவந்து 14 மாதம் ஆகிறது. போர் 70 அடி. போட்ட அன்று தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. வாயில் விட்டுப் பார்த்த மேஸ்திரி "பரவாயில்லை சார்" என்றார். அந்தப் பரவாயில்லையை நம்பியதுதான் தப்பு.

கீசர் காயில் இரண்டு முறை போய்விட்டது. இரண்டாம் முறை மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது சுண்ணாம்பில் முக்கி எடுத்த முருங்கைக்காய் போல இருந்தது. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டது. கறுப்பு கிரானைட் மேடை வெள்ளை கிரானைட் ஆகிக்கொண்டிருக்கிறது. இந்தத் தண்ணீரில் பருப்பு வைத்தால் எட்டு விசில் வந்தாலும் முழித்துக்கொண்டு கிடக்கிறது, அதனால் சமையலுக்கும் கேன் தண்ணீர்தான்.

போன ஞாயிறு ஒரு கம்பெனி ஆள் வந்தார். மேசையில் இரண்டு டம்ளர் வைத்து, ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது சவ்வு வழியாக உப்பை வடிகட்டியது. கம்பிகள் வைத்த ஒரு கருவியை உள்ளே விட்டு கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் ஒரே நிமிடத்தில் சாக்கடை நிறம். அவருடையது அப்படியே இருந்தது. அம்மா பயந்தே போய்விட்டார். வீடு முழுவதுக்கும் ஆர்ஓ போட 1,10,000 ரூபாய், இந்த வாரம் முன்பணம் கொடுத்தால் 15,000 தள்ளுபடியாம். கொடுக்கலாமா?

ஓ.டி. காரன்:
கொடுக்காதீர்கள். எங்கள் முதுநகர் பக்கமும் அதே டம்ளர் வித்தை நடந்தது. அந்தப் பணத்துக்கு இன்னும் 200 அடி இறக்கிப் போர் போட்டுவிடலாம், நல்ல தண்ணீர் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:
தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: அந்த அழுக்கு தண்ணீரில் இருந்தது இல்லை, கம்பியில் இருந்து வந்தது. அந்தக் கருவியில் இரும்புக் கம்பி இருக்கும். உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும், துருவாகத் திரளும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் கம்பி கரையாது. அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய ஆர்ஓ டம்ளரிலேயே ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டியதுதான் இது, தள்ளுபடி ஒன்றும் கேட்டதில்லை.

இன்னொன்று. நம் ஊரில் "உப்புத் தண்ணீர்" என்று ஒரே பேரில் இரண்டு சமாசாரத்தைச் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பம். கடல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, கலந்து நாக்கில் கரிப்பது ஒன்று. கால்சியமும் மக்னீசியமும் கரைந்து சோப்பு நுரைக்காமல் பருப்பு வேகாமல் பண்ணுவது இன்னொன்று. இரண்டாவதுதான் கடினத்தன்மை. சாஃப்ட்னர் இதை மட்டும்தான் சரிசெய்யும். கரிப்பை அது தொடவே தொடாது. கரிப்பு போக ஆர்ஓ வேண்டும். உங்கள் தண்ணீரில் எது எவ்வளவு என்று தெரியாமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்குதான். டிடிஎஸ் மீட்டர் இதைச் சொல்லாது. மொத்த உப்பை ஒரே எண்ணாகக் காட்டும், பிரித்துக் காட்டாது.

கெடிலக்கரை:
நன்றி டீச்சர். பருப்பு வேகாததற்கும் அதுதான் காரணமா? நான் அம்மா சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:
அம்மா சொன்னதுதான் சரி. பருப்பின் தோலிலும் உள்ளேயும் இருக்கிற பெக்டின் என்ற பசையைக் கால்சியம் பிடித்து இறுக்கிவிடும், மசியாது. ஆய்வகம் வருவதற்கு முன்னாலேயே நம் பாட்டிமார் தண்ணீரைப் பருப்பு வைத்துத்தான் சோதித்தார்கள். சமையல் சோடா கொஞ்சம் போட்டால் வேகும், ஆனால் பழக்கமாக்காதீர்கள்.

பழைய நெய்வேலி:
ஓ.டி. காரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. நெய்வேலியில் 31 வருடம் நிலத்தடி நீர்ப் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஆழம் போனால் நல்ல தண்ணீர் என்பது பாதி உண்மை.

நம் பக்கத்துப் பாறைக்கே கடலூர் மணற்பாறை என்றுதான் புவியியலில் பெயர். கேப்பர் மலையின் செம்மண், பாண்டிக்கு மேற்கே இருக்கும் செம்மேடு, திருவக்கரையில் கல்லாய்ப்போன மரங்கள் கிடக்கும் இடம், எல்லாம் அதே குடும்பம். அதற்குள் மணல் அடுக்கு, களி அடுக்கு என்று மாறி மாறி வரும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் இருக்கிற தண்ணீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும். அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கத் தரையை வெட்டவே முடியாது. அந்த ஆழத்து மணலில் நல்ல தண்ணீர் உண்டு, சந்தேகமில்லை.

ஆனால் உங்கள் வீடு கடற்கரை ஓரம். மேலே இருப்பது ஆற்று மணலும் கடல் மணலும் சேர்ந்த படுகை. கெடிலமும் பெண்ணையும் கொண்டுவந்து போட்டது. அதில் நல்ல தண்ணீர், கடல் நீரின் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது பழைய கணக்கு. நீங்கள் இறைத்து மேலே 1 அடி குறைத்தால் கீழேயிருந்து 40 அடி கடல் மேலே வரும். ஆழத்துக்குப் போவதென்றால் களி அடுக்கைத் தாண்டி, மேலடுக்கு உப்பு உள்ளே இறங்காதபடி, போர் ஓட்டைக்குள் இறக்குகிற கேசிங் பைப்பைச் சுற்றி நன்றாக அடைத்துத்தான் போட வேண்டும். பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. மேல் உப்பு ஓட்டை வழியே இறங்கி, கீழே பக்கத்து வீட்டுக்காரன் குடிக்கிற நல்ல தண்ணீரையும் கெடுத்துவிடும். புதிய போர் போட்டவர்களில் எத்தனை பேர் கேசிங் எத்தனை அடி என்று கேட்டு வைத்திருக்கிறீர்கள்?

ஓ.டி. காரன்:
ஐயா, நான் கேட்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டை மச்சான்:
பாண்டியிலிருந்து. நான் இரண்டு வருடமாகக் காந்தக் கருவி போட்டிருக்கிறேன். பைப்பின் மேல் மாட்டிவிட்டால் போதும், உப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், பராமரிப்பு இல்லை. 12,000 ரூபாய். எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை?

குழாயடி:
மச்சான், கோபப்படாதீர்கள். நான் திருப்பாதிரிப்புலியூரில் 22 வருடமாகப் பிளம்பிங் பார்க்கிறேன். காந்தம் மாட்டிய வீட்டில் ஷவர் கழற்றியிருக்கிறேன், மாட்டாத வீட்டிலும் கழற்றியிருக்கிறேன். எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. உங்கள் வீட்டில் கீசரை எப்போது திறந்து பார்த்தீர்கள்?

முத்தியால்பேட்டை மச்சான்:
திறந்து பார்க்கவில்லை. பிரச்சினை இல்லாததை ஏன் திறக்க வேண்டும்?

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:
காந்தம் கால்சியத்தை எடுத்துவிடாது, அதை விற்பவர்களே அப்படிச் சொல்வதில்லை. "ஒட்டாமல் பண்ணும்" என்றுதான் சொல்வார்கள். சோதனைகளின் முடிவும் ஒரே மாதிரி வந்ததில்லை. உங்கள் தண்ணீர் இயல்பிலேயே சுமாரான கடினம் என்றால் காந்தம் இல்லாமலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். மீன் தொட்டி விற்கிற கடையில் கடினத்தன்மையை அளக்கிற சொட்டுக் கிட் கிடைக்கும். ரோஸ் நிறம் நீலமாக மாறுகிற வரை எத்தனை சொட்டு என்று எண்ணிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

முத்தியால்பேட்டை மச்சான்:
சரி, வாங்கிப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று, தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊரைக் குறைத்துப் பேசாதீர்கள். முத்திரையர்பாளையத்தில் குளம் வெட்டுவதற்காக ஆயி என்ற தாசி தன் மாளிகையையே இடித்தாள் என்று கதை. அவள் பேரில் பாரதி பூங்காவில் மண்டபமே நிற்கிறது. முத்திரையர்பாளையத்திலிருந்துதான் வெள்ளைக்காரர் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் வந்தது.

குழாயடி:
யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆயி காந்தம் மாட்டவில்லை என்றுதான் சொல்கிறோம்.

கெடிலக்கரை:
குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தேன். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்துப் போனேன். அறிக்கை வந்துவிட்டது.

டிடிஎஸ் 1,080. மொத்தக் கடினத்தன்மை 560. காரத்தன்மை 430. குளோரைடு 290. இரும்பு 0.1-க்கும் குறைவு. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். இது மோசமா?

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:
இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, குடிநீருக்குக் கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. டிடிஎஸ் 500, வேறு வழியில்லாவிட்டால் 2,000. குளோரைடு 250, வேறு வழியில்லாவிட்டால் 1,000. ஆக உங்கள் தண்ணீர் "விஷம்" இல்லை. கரிப்பு லேசாகத்தான் இருக்கும். முழுத் தொல்லையும் கடினத்தன்மைதான்.

காரத்தன்மை 430 என்பதைக் கவனியுங்கள். உங்கள் 560-இல் 430 வரை தற்காலிகக் கடினம், பைகார்பனேட். கொதித்தால் சுண்ணாம்பாகப் பிரிந்து படியும். கீசர் காயில் ஏன் முருங்கைக்காய் ஆனது என்று இப்போது புரிகிறதா? சூடு ஏற ஏற அது வேகமாகப் படியும். கீசரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், இன்றைக்கே குறையுங்கள், செலவில்லாத வேலை.

வீடு முழுக்க ஆர்ஓ வேண்டவே வேண்டாம். வீட்டு ஆர்ஓவில் பெரும்பாலும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியே போகும். கழிவறை கழுவுவதற்கு அப்படி யார் செய்வார்கள்? குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க சாஃப்ட்னர். குடிக்க வேறு.

வில்லியனூர் அக்கா:
இரும்பு குறைவாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம் தம்பி. எங்கள் போரில் தண்ணீர் வரும்போது தெளிவாக வரும், வாளியில் ஒரு மணி நேரம் வைத்தால் டீ நிறம். காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகிவிடும். இது தெரியாமல் நேராக சாஃப்ட்னர் போட்டுவிட்டார்கள். ஒன்பதாவது மாதம், உள்ளே கடினத்தைப் பிடிக்கிற ரெசின் மணிகள் முழுக்கப் பழுப்பு. உப்பு எவ்வளவு கொட்டினாலும் வேலை செய்யவில்லை. இப்போது முன்னால் ஒரு இரும்பு ஃபில்டர் இருக்கிறது, அதை வாரம் ஒரு முறை பின்னோட்டம் விட்டுக் கழுவ வேண்டும். இதைப் படிக்கிற யாருக்காவது அடி மண் சிவப்பு என்றால் இரும்பைப் பார்க்காமல் சாஃப்ட்னர் வாங்காதீர்கள்.

கெடிலக்கரை:
சாஃப்ட்னருக்கு மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 10 லிட்டர் ரெசின் போதும் என்கிறார், இன்னொருவர் 50 லிட்டர் என்கிறார். வீட்டில் ஐந்து பேர். எதை நம்புவது?

குழாயடி:
கணக்குப் போட்டுவிடலாம், யாரையும் நம்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். அதில் கழிவறைக்கு 45 போனால் மீதி 90. ஐந்து பேருக்கு 450 லிட்டர். கடினம் 560. இரண்டையும் பெருக்கினால் நாளைக்கு 252 கிராம் சுண்ணாம்பை ரெசின் பிடிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், கால் கிலோ! தினமும் அதைத்தான் பைப்பிலும் தலையிலும் பூசிக்கொண்டிருந்தீர்கள்.

நடைமுறையில் 1 லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் போட்டால் 1,250 கிராம். ஐந்து நாளைக்கு ஒரு முறை உப்பு விட்டு எழுப்ப வேண்டும், அதாவது உப்புத் தண்ணீரில் கழுவி ரெசினை மறுபடி வேலைக்குத் தயார் செய்ய வேண்டும். 10 லிட்டர் என்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை, உயிர் போய்விடும். ரெசின் 25 லிட்டர் மூட்டையாகத்தான் வரும், அதுவே வசதி.

உப்பு ஒரு முறைக்கு மூன்றே முக்கால் கிலோ ஆகும். மாதம் ஆறு முறை, 22 கிலோவுக்குச் சற்று மேல். கல்லுப்புதான் வேண்டும். அயோடின் கலந்த தூள் உப்புக்கு வீண் செலவு.

அடுத்தது பைப் லைன். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மாடித் தொட்டியிலிருந்து எத்தனை லைன் இறங்குகிறது? ஒன்றே ஒன்று என்றால் கழிவறையும் தோட்டமும் சாஃப்ட் தண்ணீர் குடிக்கும், உப்பு இரண்டு மடங்கு ஆகும். போர் மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவில் வைத்தால் மோட்டார் வேகம் ரெசினுக்குத் தாங்காது, தண்ணீர் பாதி சுத்தமாகி ஓடிவிடும். 25 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 700, 800 லிட்டர்தான் அழகு. தொட்டிக்குக் கீழே வைத்தாலோ, ஒரு மாடி உயரத்து அழுத்தம் வால்வுக்குப் போதாது.

நான் செய்வது இதுதான். மாடியில் 500 லிட்டரில் இன்னொரு தொட்டி. பெரிய தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன பம்பு சாஃப்ட்னர் வழியாக மெதுவாக அதற்குத் தள்ளும். மிதவை நிரம்பினால் நின்றுவிடும். குளியலறை, சமையலறை, வாஷிங் மெஷின் மட்டும் சின்னத் தொட்டியிலிருந்து. மற்றதெல்லாம் பழையபடி பெரிய தொட்டியிலிருந்து. எழுப்புகிற நேரத்திலும் வீட்டில் தண்ணீர் நிற்காது. வால்வு கையால் திருப்புவதே போதும். தானியங்கி நல்லதுதான், ஆனால் நம் ஊர்க் கரண்டுக்கு அது சில சமயம் நள்ளிரவில் எழுப்பவேண்டியதை மத்தியானம் எழுப்பும்.

கெடிலக்கரை:
அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்கலாமா? அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஓடுகிறது.

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:
வேண்டாம். ரெசின் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், பண்டமாற்றுதான். உங்கள் 560 முழுவதும் மாறினால் லிட்டருக்குச் சுமார் 258 மில்லிகிராம் சோடியம் கூடுதலாக வரும். குளிக்க ஒன்றும் இல்லை, குடிக்கவும் சமைக்கவும் அம்மாவுக்கு ஆகாது. உங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் உண்டா? அதன் டிடிஎஸ் எவ்வளவு?

கெடிலக்கரை:
உண்டு. மீட்டரில் 310 காட்டுகிறது.

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:
அப்புறம் எதற்குக் கேன்? காய்ச்சியோ, கிருமியைக் கொல்கிற சின்ன யுவி ஃபில்டர் வைத்தோ குடியுங்கள். டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கிற இடத்தில் ஆர்ஓவைத் தடைசெய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் அரசுக்கு உத்தரவிட்டது.

பழைய நெய்வேலி:
மழையையும் மறக்காதீர்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் ஒரு பைப்பை மண்ணில் நட்டுவிட்டு முடித்துவிட்டார்கள். 1,000 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அது ஒரே நாளில் வருகிற மழை. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு மணல் வடிகட்டி வழியாக ஒரு தொட்டியில் பிடியுங்கள். கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யம். மிச்சத்தைப் போருக்குப் பக்கத்தில் இறக்குங்கள், கடலைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லும்.

கெடிலக்கரை (மூன்று மாதம் கழித்து):
கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். குழாயடி அண்ணன் சொன்ன மாதிரியே இரண்டு தொட்டி வைத்துப் போட்டாயிற்று. ரெசின், உருளை, வால்வு, பம்பு, தொட்டி, கூலி எல்லாம் சேர்த்து 43,000 ரூபாய்.

முதல் வாரம் தலைவலி. சொட்டுக் கிட்டில் பார்த்தால் கடினம் 200-க்குக் குறையவே இல்லை. ரெசின் போலி என்று சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். கடைசியில் பார்த்தால், தண்ணீரை சாஃப்ட்னருக்குள் போகாமல் சுற்றி விடுகிற பைபாஸ் வால்வு பாதி திறந்து கிடந்தது. நான்தான் முதல் நாள் திருப்பிப் பார்த்துவிட்டு மறந்திருக்கிறேன். மூடியதும் முதல் சொட்டிலேயே நீலம்.

குளித்தால் சோப்பு போகாமல் வழுக்குகிற மாதிரி இருக்கிறது, பழக ஒரு வாரம் ஆனது. துவைக்கிற பவுடர் பாதியாகிவிட்டது. பழைய ஷவரை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தேன், புதிதுபோல ஆகிவிட்டது. டைல்ஸ் கறைக்கு மட்டும் கடை ஆசிட் ஊற்றி ஒரு குழாயின் முலாமைக் கெடுத்துக்கொண்டேன், நீங்கள் செய்யாதீர்கள். முடி கொட்டுவது நிற்கவில்லை. அது அப்பா வழியில் வந்தது போல.

ஒரு நஷ்டம் உண்டு. எழுப்பிய உப்புத் தண்ணீரைத் தோட்டப் பக்கம் விட்டேன். ஒவ்வொரு முறையும் 150 லிட்டருக்கு மேல். தென்னை கண்டுகொள்ளவே இல்லை. அம்மா வைத்த ஜாதிமல்லியும் கருவேப்பிலையும் கருகிவிட்டன.

குழாயடி:
அதைச் சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் தம்பி. பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதில் விடுங்கள். உறிஞ்சுகுழியில் வேண்டாம், 70 அடிப் போர் பக்கத்திலேயே இருக்கிறது, உப்பு சுற்றி வந்து உங்கள் மோட்டாரிலேயே ஏறும்.

கெடிலக்கரை:
மாற்றிவிட்டேன் அண்ணா. அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

முத்தியால்பேட்டை மச்சான்:
நானும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். கிட் வாங்கினேன். காந்தத்துக்கு முன்னால் கடினம் 180, பின்னாலும் 180. கீசரையும் திறந்து பார்த்தேன், மெல்லிய பொருக்குதான், காந்தம் இல்லாவிட்டாலும் அவ்வளவுதான் இருந்திருக்கும் என்று டீச்சர் சொல்வார். சொல்லட்டும்.

பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்:
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வில்லியனூர் அக்கா:
கடைகளில் கல்லுப்பு விலை ஏற்றிவிட்டார்கள். மரக்காணம் உப்பளத்தில் நேரே வாங்கினால் பாதி விலைக்கு வரும். இந்தச் சனிக்கிழமை ஈசிஆர் வழியாகப் போகிறோம், யாருக்காவது வேண்டுமா?

கெடிலக்கரை:
எனக்கு இரண்டு மூட்டை அக்கா. கோரிமேட்டில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

வில்லியனூர் அக்கா:
சரி தம்பி. சாக்கு நீங்களே கொண்டுவாருங்கள். அப்படியே ஒரு ஜாதிமல்லிப் பதியனும் தருகிறேன், அம்மாவிடம் கொடுங்கள்.